பன்னிரண்டு வயசுக் கடை

சேசம்மாளுக்குப் பிள்ளைகள் இரண்டு. மகளை வாஷியில் கட்டிக்கொடுத்திருக்கிறாள், மகன் மஸ்கட்டில். மூன்றாவதாக ஒரு பிள்ளை இருக்கிறது, அதற்குப் பன்னிரண்டு வயசு நடக்கிறது என்பது அவளுக்கே ஐம்பத்துநாலாவது வயதில் ஒரு கம்பெனிக்காரன் சொல்லித்தான் தெரியவந்தது. பெற்றவளுக்குத் தெரியாத பிள்ளையா என்று சிரிக்காதீர்கள். அவள் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு சந்து. பை தைக்கிற பட்டறைக்கும் அப்துல் வாஹித்தின் மொபைல் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர். அதற்குள்ளே ஆறு டிவி, ஆறு விளையாட்டு மெஷின், பன்னிரண்டு ஸ்டூல். மேலே 'ஆரோக்கியமாதா வீடியோ கேம்ஸ்' என்று தமிழிலும் மராத்தியிலும் போர்டு. வாசலோரம் நாற்காலியில் சேசம்மாள். அவள் ஒரு நாள்கூட அந்த மெஷினில் கை வைத்து விளையாடியது கிடையாது. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்றால் கடை விளங்குமா?

ராதாபுரம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் தனசீலனைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்கு வந்தவள். தனசீலனுக்கு அம்பர்நாத்தில் மருந்துக் கம்பெனி வேலை. ரயிலில் போவதும் வருவதுமே அவருக்கு அரை ஆயுசு. சேசம்மாள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்கு நூல் வெட்டினாள், பையில் பக்கிள் அடித்தாள், கடைசியில் மாவு மில் போடலாம் என்றுதான் அந்த ஷட்டரை எடுத்தாள். மேல்மாடிக்காரர்கள் மில் சத்தம் ஆகவே ஆகாது என்றுவிட்டார்கள். முன்னால் அங்கே கேம் கடை வைத்திருந்தவன் நாலு டிவியையும் நாலு மெஷினையும் அப்படியே போட்டுவிட்டுத் துபாய் போயிருந்தான். அதை விற்றுத் தொலைக்கலாம் என்று ஒரு நாள் ஷட்டரைத் தூக்கினாள். பின்னாலேயே ஒன்பது பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

"ஆன்ட்டி, கடை சாலு ஆயிடுச்சா? திறந்தாச்சா?"

விற்க வந்தவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

கடை திறந்த நாள் ரெண்டாயிரத்துப் பதிமூணு, செப்டம்பர் எட்டு. மாதா பிறந்தநாள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அதிலிருந்து வருஷாவருஷம் அந்தத் தேதியில் ஷட்டர் முன்னால் மேஜை போட்டு கேக் வெட்டுவது பழக்கம். கேக்கில் கடையின் பெயரும் வயசும் இருக்கும். பையன்கள் கைதட்டி ஹேப்பி பர்த்டே பாடுவார்கள். ஐந்தாம் வருஷம் ஐந்து மெழுகுவர்த்தி, பத்தாம் வருஷம் பத்து. அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் கடைக்கு என்ன வயசு என்று சொல்வார்கள். அவளுக்கு என்ன வயசு என்று கேட்டால்தான் முழிப்பார்கள். இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பின்னால் நடந்ததற்கு எல்லோரும் அவளைத்தான் குற்றம் சொன்னார்கள். யார் என்ன சொன்னாலும் சரி, அவள்மேல் தப்பு இல்லை.

முதலில் கேம் எல்லாம் சிடித் தட்டில் வந்தது. தட்டு கீறினால் வாஹித் பற்பசை தேய்த்துத் துடைத்துக் கொடுப்பான். அப்புறம் தட்டு போய், எல்லாம் நெட் வழியாக வாங்குவது என்று ஆனது. வாங்குவதற்கு, கேம் விற்கிற கம்பெனியில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். அப்போது மாட்டுங்காவிலிருந்து வெங்கி என்று ஒரு காலேஜ் பையன் சனிக்கிழமை தோறும் வருவான். வீட்டில் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே பந்து உதைக்கிற பிள்ளை. அவனைத்தான் போடச் சொன்னாள்.

"பேர் என்னக்கா?"

"கடைப் பேரைப் போடு. ஆரோக்கியமாதா வீடியோ கேம்ஸ்."

"பிறந்த தேதி?"

"செப்டம்பர் எட்டு, ரெண்டாயிரத்துப் பதிமூணு."

வெங்கிக்குக் கண் பக்கத்து டிவியில். அங்கே அவனுடைய ஆட்டம் பாதியில் நிற்கிறது. அவள் சொன்னதை அப்படியே தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டான். அந்தக் காலத்தில் அந்த கேம் கம்பெனி சின்னது. என்ன தட்டினாலும் 'வா ராசா' என்று வாங்கிக்கொண்டது. மூன்று வயசுப் பிள்ளைக்குக் கணக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கணக்கில்தான் சேசம்மாள் ஒன்பது வருஷமாக ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டாள். மொத்தம் நாற்பத்தொரு கேம். பந்து, கார், குத்துச்சண்டை, துப்பாக்கி, பேய், பண்ணை வைத்துக் கத்தரிக்காய் போடுவதுகூட ஒன்று உண்டு. மெஷின் வெறும் டப்பா, அந்த நாற்பத்தொன்றுதான் கடை.

அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. கேம் தொடங்கும்போது வருகிற முத்திரையை வைத்துத்தான் அடையாளம். ஒன்றில் மாட்டுத்தலை வரும், ஒன்றில் கிழிந்த பட்டம், ஒன்றில் கோட்டைச் சுவர், ஒன்றில் மூன்று கோடு. "ஏல, மாட்டுத்தலைய எடுத்துட்டுக் கோட்டையப் போடு" என்று அவள் சொன்னால் பையன்களுக்குப் புரியும். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் மாட்டுத்தலைக்கு முன்னாடி ஒரு நீல வட்டம் வந்தது. அப்புறம் கோட்டைக்கு முன்னாடி. போன வருஷம் கிழிந்த பட்டத்துக்கும் வந்தது. ஆறு டிவியையும் ஒன்றாகப் போட்டால் ஆறிலும் முதலில் அதே வட்டம்தான் சுற்றும்.

"யாருல இவன், எல்லா வீட்டுத் திண்ணையிலயும் வந்து உக்காருதான்?" என்று கேட்டாள்.

வெங்கிக்கு இப்போது வாஷியில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை, கல்யாணமாகிவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை பழக்கம் விடவில்லை. "அவாதான் எல்லாரையும் வாங்கிண்டே வரா அக்கா. ரொம்பப் பெரிய கம்பெனி" என்றான். அதிலிருந்து அந்தச் சந்தில் அதற்குப் பெயர் வட்டக் கம்பெனி.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை காலை. ஷட்டரைத் தூக்கி மெயின் போட்டாள். வட்டம் சுற்றியது. அப்புறம் ஆறு டிவியிலும் நிலாவில் படுத்துத் தூங்குகிற ஒரு கரடிக்குட்டி, கீழே நாலு வரி இங்கிலீஷோடு வந்து நின்றது. தட்டினாலும் போகவில்லை, அணைத்துப் போட்டாலும் போகவில்லை. போட்டோ எடுத்து வெங்கிக்கு அனுப்பினாள். அவன் ரயிலிலிருந்தே கூப்பிட்டான்.

"அக்கா, உங்க கணக்கைச் சின்னக் கம்பெனிலேர்ந்து பெரிய கம்பெனிக்கு மாத்திருக்கா. மாத்தறச்சே வயசு பாத்திருக்கா. பன்னெண்டு வயசுக் குழந்தைங்கறா."

"யாரு?"

"உங்க கடை."

அதாவது, குழந்தை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் விளையாடலாம். துப்பாக்கி, பேய், குத்துச்சண்டை கூடவே கூடாது. அதுவும் அம்மாவோ அப்பாவோ வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான். முப்பது நாளைக்குள் போடாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். கணக்கு போனால் நாற்பத்தொன்றும் போயிற்று.

"நீதானல தேதி போட்ட?"

"நான் கேட்டேன், நீங்க சொன்னேள்."

"நான் சொன்னா போட்டுருவியா? நான் கிணத்துல குதின்னா குதிப்பியா? படிச்சவன்தான நீ?"

"அக்கா, கோவப்படாதீங்கோ. ஒரு வழி இருக்கு. தப்பாப் போட்டுட்டோம்னு சொல்லி உங்க ஆதார் கார்டை போட்டோ எடுத்து அனுப்புங்கோ. அவாளே வயசை மாத்திடுவா. ஒரு தடவைதான் சான்ஸ், பாத்து அனுப்புங்கோ" என்றான். ரயில் சத்தத்தில் போன் அறுந்துவிட்டது.

இங்கேதான் காரியம் கெட்டது. தாராவியில் இருக்கிற எந்தப் பெண்பிள்ளையைக் கேட்டாலும் சரி, வீட்டில் நகை இருக்கிறதோ இல்லையோ, பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று கட்டாயம் இருக்கும். ரேஷன் கார்டு, லைட் பில், வோட்டர் கார்டு, பழைய சர்வே ரசீது, எல்லாம் அடுக்கடுக்காக. யார் வந்து எந்த வருஷத்திலிருந்து இருக்கிறாய் என்று கேட்டாலும் எடுத்து நீட்ட வேண்டுமே. எந்தக் கேள்விக்கு எந்தக் காகிதம் என்பதில் சேசம்மாளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டைக் கேட்டால் வீட்டுக் காகிதம், ஆளைக் கேட்டால் ஆள் காகிதம். இவன் கேட்பது யாரை? ஆரோக்கியமாதா வீடியோ கேம்ஸை. அதற்கு எதற்கு என் ஆதார்? கடைக்குக் கடைக் காகிதம். கடை தொடங்கிய தேதி போட்டு முனிசிபாலிட்டி கொடுத்த கடை லைசன்ஸை, அந்தக் குமாஸ்தா லைசன்ஸைத்தான் அனுப்ப வேண்டும். அதுதானே முறை?

எடுத்தாள், தூசி தட்டினாள், நல்ல வெளிச்சத்தில் நாலு மூலையும் தெரிய போட்டோ பிடித்தாள், அனுப்பினாள்.

பத்தே நிமிஷம். பதில் வந்துவிட்டது. வாஹித்தான் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு வாசித்தான்.

"அக்கா... 'ஆவணம் ஏற்கப்பட்டது. குழந்தையின் பிறந்த தேதி எட்டு ஒன்பது ரெண்டாயிரத்துப் பதிமூணு என்று உறுதி செய்யப்பட்டது. நன்றி'ங்கான்."

"நல்லதாப் போச்சு."

"என்னத்த நல்லது? குழந்தைதான்னு நீங்களே முத்திரை குத்திக் குடுத்துட்டீங்க."

சேசம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். திரும்ப உட்கார்ந்தாள். "கடைக் காகிதத்தைக் குழந்தைக் காகிதம்னு வாசிக்கிறானே, கண்ணு இருக்கால அவனுக்கு?"

"கண்ணு எங்க இருக்கு? மெஷினுல்லா வாசிக்குது."

மெஷின் வேண்டாம், மனுஷரோடு பேசுகிறேன் என்று நின்றுவிட்டாள். வாஹித் எங்கெங்கோ தேடி ஒரு நம்பர் பிடித்தான். மூன்று நாள் பாட்டு கேட்டார்கள். நாலாம் நாள் ஒரு பெண் வந்தாள். அவள் நல்ல இந்தியில் கேட்க, சேசம்மாள் தாராவி இந்தியில் சொன்னாள். தமிழில் போட்டால் இப்படித்தான் வரும்.

"குழந்தை பேர் என்ன மேடம்?"

"ஆரோக்கியமாதா வீடியோ கேம்ஸ்."

"அழகான பேர். குழந்தை இப்போ பக்கத்துல இருக்காங்களா?"

"குழந்தைக்குள்ளதான் நான் உக்காந்திருக்கேன்."



"புரியல மேடம்."

"அது குழந்தை இல்லம்மா, கடை. அதுக்கு ஷட்டர் இருக்கு. ரெண்டு பூட்டு இருக்கு. பூட்டிட்டு நான் வீட்டுக்குப் போயிருவேன்."

"குழந்தையை உள்ளே வச்சுப் பூட்டிட்டுப் போவீங்களா மேடம்?" அந்தப் பெண்ணின் குரலே மாறிவிட்டது.

வாஹித் சிரிப்பு தாங்காமல் கவுண்டர்மேல் கவிழ்ந்துவிட்டான். சேசம்மாள் போனைப் பொத்திக்கொண்டு அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு பொறுமையாக, பட்டறைச் சத்தத்துக்கு நடுவே, முதலிலிருந்து முழுக்கதையும் சொன்னாள். அந்தப் பெண்ணும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"காகிதத்தோட உறுதி ஆன பிறந்த தேதியை மாத்த எங்களால முடியாது மேடம். பதினெட்டு வயசு ஆனா தானே பெரியவங்க கணக்கா மாறிடும். அஞ்சு வருஷம் எட்டு மாசம்தான். குழந்தைங்க சட்டுன்னு வளந்துடுவாங்க."

கவலை வேண்டாம், கடைக்காரர்களுக்கென்றே வேறு ஒரு பிளான் இருக்கிறது, மாசாமாசம் கட்டினால் போதும் என்றும் சொல்லி வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை வெங்கி வந்ததும் அதைத்தான் பிடித்துக்கொண்டான். "எடுத்துடுங்கோ அக்கா. ஒரே கணக்கு, ஆறு மெஷின், எரநூறு முன்னூறு கேம். அவாளே அனுப்புவா, அவாளே பாத்துப்பா. உங்களுக்கு ஒரு டென்ஷனும் இல்லை."

"என் நாப்பத்தொண்ணு?"

"அது போயிடும். ஆனா அதுல பாதிக்கு மேல அவா லிஸ்ட்ல இருக்கும். ஆடலாம்."

"நான் வாங்குனதை எனக்கே வாடகைக்கு விடுவானா?"

"உலகமே அப்படித்தான் போயிண்டிருக்கு. இன்னும் பத்து வருஷத்துல கேம்னாலே அவா ஒருத்தர்தான்."

வாஹித்துக்கு இது பொறுக்கவில்லை. அவனும் திருநெல்வேலிப் பக்கம், கடையநல்லூர். எதிர்ப்பேச்சு பேசாவிட்டால் சோறு இறங்காது. "காலிபீலி சும்மா பயமுறுத்தாதீங்க வெங்கி. ஒருத்தன் எப்படி மொத்தத்தையும் பிடிப்பான்? ஜப்பான்காரன் சும்மா இருப்பானா? சீனாக்காரன் இருக்கான். ரயில்ல பாருங்க, ஆளுக்கொரு போன்ல ஆளுக்கொரு வெளையாட்டு. நாளைக்கே நாலு பையங்க ஒரு ரூம்ல உக்காந்து புதுசா ஒண்ணு செஞ்சிருவானுவ."

"செய்வா. ஜெயிச்சா அவாளையும் வாங்கிடுவான்."

"எத்தனை பேரை வாங்குவான்?"

"எல்லாரையும் வாங்க வேண்டாம் வாஹித் பாய். உள்ள போற கதவு அவன்கிட்ட இருந்தாப் போறும்."

சேசம்மாளுக்கு இவ்வளவு நேரம் ஒரு காதில் போய் ஒரு காதில் வந்தது. இது மட்டும் உள்ளே இறங்கியது. அவள் தன் ஷட்டரை அண்ணாந்து பார்த்தாள். சாவி இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கடை திறக்கவில்லையே. கரடிக்குட்டி அல்லவா படுத்திருக்கிறது!

"அவன் எவ்வளவு பெரியவனா வேணா இருந்துட்டுப் போட்டும்" என்றாள். "பிளான் எடுத்தா நான் கடைக்காரி இல்ல, அவன் கடைக்கு வாட்ச்மேன். நாப்பத்தொண்ணையும் விட மாட்டேன்."

"அப்போ என்னதான் பண்ணுவேள்?"

"அம்மா வந்து கையெழுத்துப் போடணும்னுதான கேக்கான்? நான் போடுதேன். பிள்ளைன்னுட்டான், வளத்துட்டுப் போறேன்."

வெங்கி தலையில் அடித்துக்கொண்டான். தனசீலன் அம்பர்நாத்திலிருந்து வந்து விஷயம் கேட்டு, சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தார். "இந்த வயசுல உனக்கு இது தேவையா சேசு?" என்றார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு, "பேசாம சாப்பிடுங்க, உங்களையா பெறச் சொன்னேன்?" என்றாள்.

வட்டக் கம்பெனி வரிசையில் காத்திருந்து இருபத்தெட்டாம் நாள் கையெழுத்து. இந்தத் தடவை சரியாக ஆதாரைத்தான் கொடுத்தாள். முகத்தை இடமும் வலமும் திருப்பச் சொன்னான், திருப்பினாள். கண் சிமிட்டச் சொன்னான், பட்டறைப் பையன்கள் பார்க்கிறார்களே என்று திட்டிக்கொண்டே சிமிட்டினாள். 'ஆரோக்கியமாதாவின் அம்மாவுக்கு வாழ்த்துகள்' என்று வந்தது. கரடிக்குட்டி எழுந்து போனது. மாட்டுத்தலை, கோட்டை, கிழிந்த பட்டம், ஒன்று குறையாமல் நாற்பத்தொன்றும் அங்கேயே இருந்தன. துப்பாக்கிக்கும் பேய்க்கும் அம்மாவே அனுமதி கொடுக்கலாமாம். கொடுத்தாள்.

ஆனால் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். அம்மா நீட்டலாம், நீட்டினாலும் ஒரு மணி நேரம்தான் நீளும். மணிக்கு ஒரு தரம் அவள் போன் கத்தும்: 'உங்கள் குழந்தை இன்னும் விளையாட ஆசைப்படுகிறது. சம்மதமா?' இரண்டு நிமிஷத்துக்குள் அமுக்காவிட்டால் ஆறு டிவியிலும் நிலா.

அவள் மீன் கடையில் வாவல் பார்த்துக்கொண்டிருப்பாள். சம்மதமா? கை கழுவ முடியாமல் மூக்கால் அமுக்குவாள். குளித்துக்கொண்டிருப்பாள். சம்மதமா? வாஷிக்கு மகள் வீட்டுக்குப் போகிற வழியில், பாலத்துமேல் ரயில் போகும்போது சிக்னல் போய்விடும். இறங்கிப் பார்த்தால் பதினோரு பையன்கள் பதினோரு மிஸ்டு கால். பெற்ற பிள்ளை இரண்டும் சேர்ந்துகூட அவளை இப்படி நச்சரித்ததில்லை. அதுகளாவது ஒரு நேரம் தூங்கும்.

இரண்டு வாரம் தாங்கினாள். பிறகு வாஹித் கடை முன்னால் போய் நின்றாள்.

"ஏல வாஹித், இன்னொரு ஆளையும் சேத்துக்கலாம்னு போட்டிருக்கானாமே?"

"ஆமா. அப்பாவைச் சேக்கலாம். அண்ணனைச் சேருங்க."

"அவுக கம்பெனி கேட்டுலயே போனை வாங்கி வச்சிருவான். நீ வா."

வாஹித் பதறிப்போனான். "அப்பான்னா? யக்கா, எம் பொண்டாட்டி என்னைய வெட்டிப் போட்டுருவா."

"யாருல உன்னை அப்பாங்கா? வேற என்ன போட்டிருக்கான், வாசி."

வாசித்தான். அம்மா, அப்பா, பாதுகாவலர். மூன்றே மூன்று.

"தாய்மாமன் இல்லையா?" என்றாள்.

"இல்லை."

"இத்தனை கம்பெனியை வாங்குனவன், ஒரு தாய்மாமனுக்கு இடம் வைக்கல பாரு."

பாதுகாவலரில் போட்டார்கள். இவனும் முகத்தைத் திருப்பினான், கண் சிமிட்டினான். "யக்கா, சொல்லிட்டேன். காது குத்து, சீர்வரிசைன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றான். அதிலிருந்து மணிக்கணக்கைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அவன் தொழுகைக்குப் போகும்போது அவள். ஞாயிற்றுக்கிழமை அவள் தமிழ்ப் பூசைக்குப் போகும்போது அவன். பையன்களும் அவனை வாஹித் பாய் என்பதை விட்டு மாமா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து சேசம்மாள் முக்காட்டை மடித்துக்கொண்டே சந்துக்குள் திரும்புகிறாள். கடையிலிருந்து சத்தமே வரவில்லை. பையன்கள் எல்லாம் வெளியே வெயிலில் நிற்கிறார்கள். உள்ளே எட்டிப்பார்த்தால் ஆறு டிவியிலும் கரடிக்குட்டி.

"என்னல ஆச்சு? நெட் போச்சா?"

"மாமா 'நோ' போட்டுட்டாரு ஆன்ட்டி."

வாஹித் குனிந்த தலை நிமிராமல் ஒரு போனுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தான்.

"என் கடைய நிறுத்த நீ யாருல?"

"ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டானுவ. ஒருத்தன் ரிமோட்டைத் தூக்கி எறிஞ்சான். மராத்தில அம்மாவச் சொல்லி வஞ்சான். நாலு தடவை சொன்னேன், கேக்கல. நோ போட்டேன்."

"ஞாயித்துக்கிழமை! ஏவாரம் நடக்கிற நாளு! வெளிய போன்னு கழுத்தைப் பிடிச்சுத் தள்ள வேண்டியதுதான?"

"நான் தள்ளுனா சண்டைக்கு வருவானுவ. வட்டக் கம்பெனி நிறுத்துனா வாயைப் பொத்திக்கிட்டு நிக்கானுவ, பாருங்க."

உண்மைதான், நின்றார்கள். ஆனாலும் அவள் விடுகிற ஆளா? போனை எடுத்தாள், சம்மதம் என்று அமுக்கினாள். நடக்கவில்லை. இன்னும் ஒரு தரம் அமுக்கினாள். நாலு வரி எழுத்து வந்தது. வாஹித்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவன் வாசித்தான். "'ஒரு பாதுகாவலர் மறுத்திருக்கிறார். குழந்தையின் நலனுக்காக நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் கேட்கிறோம்.'"

"உன்கிட்ட எனக்கு என்னத்தப் பேச்சு?"

"எனக்கு என்ன தெரியும்? அவன்தான் சொல்லுதான்."

பையன்கள் வெயிலில் நின்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ரிமோட்டை எறிந்தவன் எவன் என்று கேட்காமலேயே தெரிந்தது, அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேசம்மாள் உள்ளே போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து வாஹித் கடை முன்னால் டக்கென்று போட்டு உட்கார்ந்தாள். எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள்.

"சரி, பேசு" என்றாள்.